நாலு ஆல்பம் வரிசையா, ஒண்ணுகூட சறுக்காம: ஹிப்ஹாப்ல யாரு?

ஆறாங்கட்டை | 4 ஜனவரி 2025, இரவு 9.12

நேரா கேள்வி. ஸ்டுடியோ ஆல்பம் குறைஞ்சது நாலு, வரிசையா, நடுவுல ஒண்ணுகூட சறுக்காம கொடுத்தது யாரு? மிக்ஸ்டேப் (ஆல்பம்னு சொல்லாம விடற பாட்டுக் கட்டு) கணக்குல வராது. தொகுப்பு வராது, மேடைப் பதிவு வராது. ஒண்ணு பிரமாதம், அடுத்தது சுமார், மூணாவது திரும்பப் பிரமாதம்னா அது வரிசை கிடையாது.

என் ஓட்டு அவுட்காஸ்டுக்கு. 1994-ல 'சதர்ன்பிளேயலிஸ்டிக்காடிலாக்மியூசிக்' (இதை ஒரே மூச்சுல சொல்றவங்களுக்குத் தே தாரிக் (இழுத்து ஆத்தின டீ) என் கணக்கு), 1996-ல 'ஏடிஎலியன்ஸ்', 1998-ல 'அக்வெமினை', 2000-ல 'ஸ்டான்கோனியா'. ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு, நாலும் நாலு விதம். மறுக்கிறவங்க மறுக்கலாம்.

ஸ்டோர் கிராணி | 4 ஜனவரி, இரவு 9.47

தம்பி, அவுட்காஸ்ட் சரி. ஆனால் நாலோடு ஏன் நிறுத்தினாய்? ஐந்தாவது 2003-ல் வந்த இரட்டை ஆல்பம். கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதையே வாங்கியது. அதைச் சேர்த்தால் வரிசை ஆட்டம் காணும் என்றுதானே ஓசைப்படாமல் விட்டுவிட்டாய்?

என் ஓட்டு கேங் ஸ்டாருக்கு. 'ஸ்டெப் இன் தி அரீனா' 1991, 'டெய்லி ஆபரேஷன்' 1992, 'ஹார்ட் டு ஏர்ன்' 1994, 'மொமென்ட் ஆஃப் ட்ரூத்' 1998. 1989-ல் வந்த முதல் ஆல்பம் கை பழகிய காலம், அதை எண்ண வேண்டாம். நாலிலும் மேசையில் (அதாவது பீட் செய்யும் தயாரிப்பாளர் இடத்தில்) டிஜே பிரீமியர், மைக்கில் குரு. ஆள் மாறவே இல்லை. வரிசை நிற்பதற்கு அதுதான் காரணம் என்பேன்.

ஆறாங்கட்டை | 4 ஜனவரி, இரவு 10.05

அண்ணே, அது 135 நிமிஷம். குழுவோட ரெண்டு பேர்ல பிக் பாய் ஒரு சிடி, ஆண்ட்ரே ஒரு சிடி, ஆளுக்கொண்ணா செஞ்சு ஒரே அட்டையில போட்டது. ஒரு பக்கம் ராப், இன்னொரு பக்கம் பெரும்பாலும் பாட்டு. அதை அவுட்காஸ்ட் ஆல்பம்னு எப்படி எண்றது? வரிசை 2000-ல முடியுது. உடையல, முடியுது.

கோப்பி ஓ | 4 ஜனவரி, இரவு 10.09

தேர்தல்ல தோக்கல, போட்டியிடலை. புரிஞ்சுது லா.

பேஸ்பாக்ஸ் | 5 ஜனவரி, காலை 11.30

நீளத்தைத் தொடாம வரிசையைப் பேச முடியாது. இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு 22 நிமிஷம் வரைக்கும் வசதி. அதுக்கு மேல போனா கோடுகளை நெருக்கி வெட்டணும். நெருக்கினா சத்தமும் பேஸும் குறையும். அதனால 80-களோட ஆல்பங்கள் 45 நிமிஷத்தைச் சுத்தியே நிக்கும். எரிக் பி, ராகிம் சேர்ந்த 'பெய்ட் இன் ஃபுல்' (1987) பத்து பாட்டு, 45 நிமிஷம். சிடி வந்ததும் 74 நிமிஷம் கிடைச்சுது, அப்புறம் 80. இடம் இருக்குன்னு நிரப்ப ஆரம்பிச்சாங்க. 1996-ல டூபாக் ரெண்டு சிடி, 27 பாட்டு. 1997-ல பிக்கி ரெண்டு சிடி, அதே வருஷம் வூ-டாங் கிளானும் ரெண்டு சிடி.

ஒருத்தருக்கு ஒரு சுத்துல உருப்படியா வர்றது பத்து, பன்னண்டு பாட்டு. மீதியை எதை வெச்சு நிரப்புவாங்க? விருந்தாளி வெர்ஸ் (வேற ராப்பர் வந்து பாடற பகுதி), நாடகத் துண்டு (பாட்டுகளுக்கு நடுவுல வர்ற பேச்சு), கோரஸை நாலு தடவை சுத்தி விட்ட பாட்டு. ஒரு ஆல்பம் தொய்யுதுன்னா பெரும்பாலும் ஒன்பதாவது பாட்டுக்கும் பதினாலாவதுக்கும் நடுவுலதான் தொய்யும். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் எல்லாருமே பார்த்து வைப்பாங்க.

கிராணி அண்ணே சொன்ன 'மொமென்ட் ஆஃப் ட்ரூத்' 20 பாட்டு, 78 நிமிஷம். மனசைத் தொட்டுச் சொல்லுங்க, இருபதும் வேணுமா?

ஸ்டோர் கிராணி | 5 ஜனவரி, பிற்பகல் 1.15

வேண்டும். எதை எடுப்பாய் என்று நீயே சொல்லிப் பார். 'அக்வெமினை' 75 நிமிடம், 'ஸ்டான்கோனியா' 24 தடங்களோடு 73 நிமிடம். அவற்றை விட்டுவிட்டு என் ஆளின் கழுத்தில் மட்டும் கத்தி வைக்காதே. நீளம் தொந்தரவு, ஒப்புக்கொள்கிறேன். வரிசையைக் கொல்வது மேசையில் ஆள் மாறுவது.

ட்ரைப் கால்டு குவெஸ்டைப் பார். 1990, 1991, 1993: மூன்று ஆல்பம், மூன்றும் தங்கம். நாலாவது 1996-ல் வந்த 'பீட்ஸ், ரைம்ஸ் அண்ட் லைஃப்'. அதில் டெட்ராய்ட்காரர் ஜே டி (பிற்பாடு ஜே டில்லா) மேசைக்கு வந்துவிட்டார். அவர் மேதை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் குழுவின் சத்தம் மாறிப்போனது. நாலாவதில் வரிசை தடுக்கிய காரணம் அதுதான்.

பேஸ்பாக்ஸ் | 5 ஜனவரி, இரவு 8.50

ட்ரைப்போட 1991 ஆல்பம் 'லோ எண்ட் தியரி' பேச்சுல வந்துட்டதால ஒரு வார்த்தை. லோரியில 12 அங்குல வூஃபர் வெச்சிருக்கவங்க சோதனைக்குப் போடற ஆல்பம் இதுதான். ஒரு பாட்டுல ஜாஸ் மேதை ரான் கார்டரே வந்து டபுள் பேஸ் வாசிக்கிறார். ஒலிப்பதிவு பாப் பவர். பேஸ் இறங்கும்போது கிக் டிரம் அதுக்குள்ள முங்காம தனியா நிக்குது பாருங்க, அது அவர் கைவேலை. வூஃபரைக் கூட்டி வெச்சா ரெண்டும் ஒண்ணாக் கலந்து உறுமும். ஆம்பில் லோ பாஸை (கீழ் ஒலியை மட்டும் விடற வடிகட்டி) 80 ஹெர்ட்ஸ் பக்கம் வெச்சு, பேஸ் பூஸ்டை முழுசா அணைச்சுட்டுக் கேளுங்க.

ஆயாக்கொட்டகை | 6 ஜனவரி, மாலை 6.20

இத்தனை பேசியாச்சு, ஒரு பொம்பளைப் பேரு வரல. மிஸ்ஸி எலியட். 'சூபா டூபா ஃபிளை' 1997, 'டா ரியல் வர்ல்ட்' 1999, 'மிஸ் ஈ... சோ அடிக்டிவ்' 2001, 'அண்டர் கன்ஸ்ட்ரக்‌ஷன்' 2002, 'திஸ் இஸ் நாட் எ டெஸ்ட்!' 2003. ஆறு வருஷத்துல அஞ்சு. கிராணி அண்ணனோட மேசைச் சட்டத்துக்கும் பொருந்தும்: டிம்பலேண்ட். 2023-ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல இடம் பிடிச்ச முதல் பெண் ராப்பர் இவங்கதான்.

2001-ல வந்த 'கெட் யுவர் ஃப்ரீக் ஆன்' எடுத்துக்குங்க. பாட்டு முழுக்கச் சுத்தி வர்றது பஞ்சாபி தும்பி, ஒத்தைத் தந்தி. கூட தபலா. அந்தச் சின்னத் துணுக்கு மேல ஒரு கோட்டையே கட்டியிருக்காங்க. கோரஸுக்கு முன்னாடி எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒரு இடைவெளி விடுவாங்க. ஆல்பத்துல நிறைய இடத்துல டிம்பலேண்ட் செய்யற தந்திரமே அந்த மௌனம்தான்.

1999 ஆல்பம் நாலுல இருட்டானது, கனமானது. அதைச் சறுக்கல்னு சொல்லப் போறவங்க ஹெட்ஃபோன்ல ஒரு தரம் கேட்டுட்டு வந்து சொல்லுங்க.

கோப்பி ஓ | 6 ஜனவரி, மாலை 6.31

அக்கா, அஞ்சு ஆல்பம்னு சொல்லிட்டு "நாலுல இருட்டானது"ன்னா?

ஆயாக்கொட்டகை | 6 ஜனவரி, மாலை 6.40

2003-ஐ அரை மனசோடதான் சேர்த்தேன். கண்டுபிடிச்சுட்டே. நாலே போதும், கேள்வியே நாலுதான்.

ஆறாங்கட்டை | 6 ஜனவரி, இரவு 9.55

மிஸ்ஸி ஏத்துக்கறேன், மறுபேச்சு இல்ல. ரன் தி ஜுவல்ஸ் பேரும் எழுதிக்குங்க. 2013, 2014, 2016, 2020. நாலு ஆல்பம், பேருகூட 1, 2, 3, 4தான். மேசையில எல்-பி. முதலாவது 33 நிமிஷம், ரெண்டாவதும் நாலாவதும் 39. சுங்கை சிப்புட்டுலேருந்து ஈப்போ போறதுக்குள்ள முதலாவது முடிஞ்சுடும். மூணாவது மட்டும் 51 நிமிஷம், அது கொஞ்சம் இழுவை. ஆனா தொய்வு இல்ல.

பேஸ்பாக்ஸ் | 7 ஜனவரி, இரவு 10.20

மேசை மேசைன்னு பேசறோம், மேசையில என்ன இருந்ததுன்னு யாரும் சொல்லல. எஸ்பி-1200ன்னு ஒரு டிரம் சாம்ப்ளர் (தட்டுலேருந்து ஒலித் துண்டைப் பதிஞ்சு திரும்ப வாசிக்கிற பெட்டி), 1987-ல வந்தது. 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ். மொத்த நினைவகம் வெறும் 10 விநாடி. ஒரு துண்டு அதிகபட்சம் 2.5 விநாடி. ஒரு முழுப் பாட்டையும் அந்தப் பத்து விநாடிக்குள்ள அடக்கணும்.

அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. 33 சுழற்சித் தட்டை 45-ல ஓட விட்டுப் பதிவு செய்யறது. துண்டு சீக்கிரமா முடிஞ்சுடும், இடம் மிச்சம். அப்புறம் பெட்டிக்குள்ள பிட்சைக் குறைச்சு பழைய வேகத்துக்குக் கொண்டு வர்றது. இப்படிக் குறைக்கும்போது ஒலியில ஒரு சொரசொரப்பு ஏறும். இன்னிக்கு எல்லாரும் கணினியில செருகுநிரல் (ப்ளக்-இன்) போட்டுத் தேடற "90-களோட சத்தம்" பாதி இதுதான். வேணும்னு செஞ்சதில்ல, இடம் போதாம வந்தது.

இன்னொரு வேலை வடிகட்டறது. பழைய ஜாஸ் தட்டுல மேல் ஒலிகளை வெட்டிட்டா பேஸ் மட்டும் மிஞ்சும். அதையே பேஸ்லைனா வெச்சு, அதே தட்டோட ஹார்னை வேற இடத்துல போடுவாங்க. தயாரிப்பாளர் பீட் ராக் இதுல ராஜா.

இதுல வரிசைக்கு என்ன சம்பந்தம்னா, இப்படி ஒரு பெட்டியோட கட்டுப்பாட்டுக்குள்ள ரெண்டு மூணு வருஷம் ஊறின ஆளுக்குன்னு ஒரு கைரேகை வந்துடும். ஆல்பத்துக்கு ஆல்பம் தரம் இறங்காம இருக்கறது அந்தக் கைரேகையால. ஆளை மாத்தினா கைரேகையும் போச்சு.

ஸ்டோர் கிராணி | 8 ஜனவரி, காலை 7.05

பேஸ்பாக்ஸ் தம்பி சொன்னதோடு சட்டத்தையும் சேர்க்க வேண்டும். 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. ராப்பர் பிஸ் மார்கி, பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டிலிருந்து அனுமதியில்லாமல் துண்டு எடுத்த வழக்கு. "திருடாதே" என்ற பைபிள் கட்டளையோடுதான் நீதிபதி தீர்ப்பையே தொடங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி, ஒவ்வொன்றுக்கும் காசு.

பப்ளிக் எனிமியின் வரிசை 1987, 1988, 1990, 1991. நடு இரண்டையும் கேட்டால் ஒரே பாட்டுக்குள் எத்தனை தட்டுகளின் துண்டுகள் என்று எண்ணி மாளாது. அவர்களின் தயாரிப்புக் குழு பாம் ஸ்குவாட் அப்படித்தான் அடுக்கியது. தீர்ப்புக்குப் பிறகு அந்த முறையில் ஒரு ஆல்பம் செய்ய எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படி ஆகாது. திறமை குறைந்து முடிந்த வரிசைகள் உண்டு. விலை ஏறியதால் முடிந்த வரிசைகளும் உண்டு.

டி லா சோல் இன்னும் கொடுமை. 1989, 1991, 1993, 1996: நாலு ஆல்பம். சாம்பிள் அனுமதிச் சிக்கலில் பல ஆண்டு இணையத்தில் முறையாகக் கேட்கவே முடியாமல் கிடந்து, 2023 மார்ச் 3-ஆம் தேதிதான் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது. குழுவில் ஒருவரான ட்ருகாய் அதற்கு மூன்று வாரம் முன்பு இறந்துவிட்டார். ஆல்பத்துக்குள் நாடகத் துண்டு வைக்கும் பழக்கத்தைப் பரப்பியதும் இவர்கள்தான். அந்த ஒரு பாவத்தை மன்னித்துவிடலாம்.

ஆயாக்கொட்டகை | 8 ஜனவரி, இரவு 8.12

அண்ணே, உங்க சட்டத்தை நீங்களே உடைச்சிட்டீங்க. டி லா சோலோட முதல் மூணுக்கும் மேசையில பிரின்ஸ் பால். நாலாவது 'ஸ்டேக்ஸ் இஸ் ஹை'ல அவர் இல்ல. ஆள் மாறியும் வரிசை நிக்குதே?

ஸ்டோர் கிராணி | 8 ஜனவரி, இரவு 9.30

நல்ல அடி. பதில் இருக்கிறது: மூன்று ஆல்பம் பிரின்ஸ் பாலோடு உட்கார்ந்து அந்த மூவரும் வேலையைக் கற்றுக்கொண்டார்கள். நாலாவதில் மேசையில் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளே உட்கார்ந்தார்கள். அவுட்காஸ்டிலும் அதே கதை. முதல் ஆல்பம் முழுக்க ஆர்கனைஸ்டு நாய்ஸ் என்ற தயாரிப்புக் குழு செய்தது. இரண்டாவதில் 'எலிவேட்டர்ஸ்' போன்ற பாட்டுகளை இவர்களே செய்யத் தொடங்கினார்கள். அடுத்தடுத்த ஆல்பத்தில் இவர்கள் பங்கு கூடிக்கொண்டே போனது. ஆகவே சட்டத்தைத் திருத்திப் படிக்கவும்: மேசை கைமாறலாம், குடும்பத்துக்குள் மாற வேண்டும்.

கோப்பி ஓ | 8 ஜனவரி, இரவு 9.34

சொத்து எழுதற மாதிரி இருக்கு.

ஆறாங்கட்டை | 9 ஜனவரி, இரவு 10.02

அப்ப நாஸ்? 'இல்மாட்டிக்' (1994) 10 தடம், 40 நிமிஷம். லார்ஜ் புரொஃபசர், பீட் ராக், கியூ-டிப், பிரீமியர், எல்.இ.எஸ். ஒரு மேசையே இல்ல, அஞ்சு மேசை. ஆனாலும் ஒரு விநாடி வீண் இல்ல.

ஸ்டோர் கிராணி | 9 ஜனவரி, இரவு 10.25

ஒரு முறை நடந்தது. திரும்ப நடந்ததா? 1999-ல் வந்த இரண்டு ஆல்பத்தையும் நீயே போட்டுக் கேள். பிறகு 2020-க்கு வா. ஹிட்-பாய் என்ற ஒரே ஆளோடு 'கிங்ஸ் டிசீஸ்' மூன்று பாகம், 'மேஜிக்' மூன்று பாகம், 2020 ஆகஸ்டு முதல் 2023 செப்டம்பர் வரை ஆறு ஆல்பம். முதலாவதற்கு கிராமி. கடைசி வந்த நாளில் நாஸுக்கு 50 வயது. இருபது வயதில் ஐந்து மேதைகளோடு கிடைக்காத வரிசை, கிழவனானதும் ஒரே ஆளோடு கிடைத்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆறாங்கட்டை | 9 ஜனவரி, இரவு 10.31

50 கிழவனா அண்ணே? யோசிச்சு எழுதுங்க.

கோப்பி ஓ | 10 ஜனவரி, இரவு 11.48

விளையாட்டு போதும், என் ஓட்டு. டூம். உலோக முகமூடி போட்ட ராப்பர், பல பேர்ல ஆல்பம் போட்டவன். 2003 ஜூன்ல கிங் கீடோரா பேர்ல ஒண்ணு, செப்டம்பர்ல விக்டர் வான் பேர்ல 'வாடுவில் வில்லன்', 2004 மார்ச்ல தயாரிப்பாளர் மேட்லிப்போட சேர்ந்து 'மேட்வில்லனி', நவம்பர்ல 'எம்எம்..ஃபுட்'. ஒன்றரை வருஷத்துல நாலு. 'மேட்வில்லனி' 22 தடம், 46 நிமிஷம், கோரஸ் அநேகமா கிடையாது. பல பீட்டை மேட்லிப் பிரேசில்ல ஒரு ஓட்டல் அறையில கையடக்க சாம்ப்ளர் எஸ்பி-303 வெச்சு செஞ்சிருக்கான். வெளிவர்றதுக்கு ஒரு வருஷத்துக்கும் முன்னாடியே திருட்டுத்தனமா இணையத்துல கசிஞ்சுது. அப்புறம் டூம் திரும்ப உட்கார்ந்து குரலைத் தணிச்சு, நிதானமாப் பாடிக் கொடுத்தான். கசிஞ்சதையும் வெளிவந்ததையும் அடுத்தடுத்துக் கேட்டா, அவசரத்தைக் குறைச்சா வரிகள் எவ்வளவு தெளிவா விழுதுன்னு தெரியும்.

ஆறாங்கட்டை | 11 ஜனவரி, காலை 8.15

பாஸ், 2004 ஆகஸ்டை எங்க ஒளிச்சு வெச்சீங்க? விக்டர் வானோட ரெண்டாவது, 'விவி:2'. 'மேட்வில்லனி'க்கும் 'எம்எம்..ஃபுட்'டுக்கும் நடுவுல. அது சுமார். வரிசை உடைஞ்சுது.

கோப்பி ஓ | 11 ஜனவரி, காலை 8.40

வேற பேரு, வேற ஆளு. விக்டர் வான் வரிசை தனி, டூம் வரிசை தனி.

ஆயாக்கொட்டகை | 11 ஜனவரி, காலை 9.02

வேற ஆளுன்னா கீடோராவுக்கு ஒண்ணு, வானுக்கு ரெண்டு, மேட்வில்லனுக்கு ஒண்ணு, அந்த ரெண்டு வருஷத்துல டூமுக்கு ஒண்ணு. எந்தப் பேர்லயும் நாலு தேறல. ஒரே ஆளுன்னா 'விவி:2' குறுக்க வருது. எந்தக் கதவு வழியா வெளிய போறீங்க?

கோப்பி ஓ | 11 ஜனவரி, காலை 9.03

ஜன்னல்.

ஆயாக்கொட்டகை | 12 ஜனவரி, பிற்பகல் 3.30

ஜன்னல் திறந்திருக்கும்போதே சண்டைக்கு இன்னொரு பேரு: எம்.ஐ.ஏ. 'அருளர்' 2005, 'கலா' 2007, 'மாயா' 2010, 'மாதங்கி' 2013. அப்பா பேரு, அம்மா பேரு, அப்புறம் தன் பேரு ரெண்டு விதமா. தமிழ்ப் பொண்ணு ஒருத்தி லண்டன்ல இருந்து இப்படி நாலு ஆல்பம் போட்டிருக்கா, இந்தப் பட்டியல்ல பேச்சே இல்ல.

'கலா'வுல 'பேர்ட் ஃப்ளூ' போடுங்க. அதுல ஓடறது உறுமி. நம்ம ஊர்த் திருவிழாவுக்கு வர்ற உறுமி மேளக் குழுவுக்குப் பக்கத்துல நின்னவங்களுக்கு அந்தச் சத்தம் முதல் விநாடியிலேயே தெரியும்: ஒரு முகத்துல வளைஞ்ச குச்சியால தேய்க்கணும், இன்னொரு முகத்துல அடிக்கணும். அந்தத் தேய்ப்போட முனகல் கைப்பேசி ஒலிபெருக்கியில வராது, வெறும் அடி மட்டும் டொக்கு டொக்குனு கேக்கும். ஹெட்ஃபோனாவது போடுங்க. அதே ஆல்பத்துல முதல் பாட்டு 'பாம்பூ பாங்கா' கேட்டா 'தளபதி' படத்தோட 'காட்டுக்குயிலு' எட்டிப் பார்க்கும். ராசா ரசிகர்கள் தாராளமா சண்டைக்கு வரலாம்.

ஸ்டோர் கிராணி | 12 ஜனவரி, மாலை 5.00

தங்கச்சி, அது ஹிப்ஹாப்பா? நடனம், எலெக்ட்ரோ, ஏதேதோ கலந்திருக்கிறது. 'மாயா' இரும்புப் பட்டறை மாதிரி. அதை வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆயாக்கொட்டகை | 12 ஜனவரி, மாலை 5.22

பீட்டு மேல பேசறது ராப்னா அதுவும் ராப்தான். 'மாயா' விவாதத்துக்கு உரியது, சரி. ஆனா அது சோம்பேறித்தனமா வந்த ஆல்பம் இல்ல, வேணும்னே காதைக் கிழிக்கிற ஆல்பம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. சறுக்கல்னா முன்ன செஞ்சதையே மங்கலாத் திரும்பச் செய்யறது.

பேஸ்பாக்ஸ் | 13 ஜனவரி, இரவு 9.10

அக்கா சொன்ன இந்த அளவுகோல் நல்லா இருக்கு, எடுத்துக்கறேன். அதை வெச்சு ஒரு சோதனை முறை.

நாலு ஆல்பத்தையும் வெளிவந்த வரிசையில, ஒரு நாளைக்கு ஒண்ணா போடுங்க. கலைச்சுப் போடறதை அணைச்சுடுங்க. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல ஒலி கலக்கற கிராஸ்ஃபேடையும் அணைக்கணும், இல்லன்னா நாடகத் துண்டோட முதல் வார்த்தை போயிடும். டீலக்ஸ் பதிப்பை எடுக்காதீங்க. பின்னாடி ஒட்டின நாலஞ்சு பாட்டு, பார்த்துப் பார்த்து வெச்ச முடிவைக் கெடுத்துடும். சத்தத்தைச் சமப்படுத்தற வசதியையும் நிறுத்துங்க, பழைய ஆல்பமும் புதுசும் ஒரே அளவுல வந்து வித்தியாசம் தெரியாமப் போகும்.

கேக்கும்போது ரெண்டே விஷயம் குறிச்சுக்குங்க. எந்தப் பாட்டுல கை தாண்டப் போச்சு? ஒன்பதுலேருந்து பதினாலு வரைக்கும் எத்தனை பாட்டோட பேரு அடுத்த நாளும் ஞாபகம் இருக்கு? ஆல்பத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல கை போனா அது சறுக்கல். ரெண்டாவது சுத்தை லோரியில போடாம சின்ன ஒலிபெருக்கியில போடுங்க. பெரிய வூஃபர் மோசமான ஆல்பத்தையும் தூக்கி நிறுத்திடும். பேஸை எடுத்துட்டா வரிகள் தாங்குதான்னு பார்க்கணும்.

கெண்ட்ரிக் லமாரை இப்படி வெச்சா 2012, 2015, 2017 மூணும் சுலபமாத் தேறும். 2022-ல வந்த 'மிஸ்டர் மொரால்' 18 பாட்டு, 73 நிமிஷம். என் கணக்குல கை மூணு தடவை போச்சு. ஆனா 2011-ல வந்த 'செக்‌ஷன்.80'ஐ முன்னாடி சேர்த்தா நாலு வந்துடுது. மேசையில எத்தனையோ பேரு, எல்லா ஆல்பத்துலயும் நிலையா இருக்கறவர் சவுன்வேவ், அதனால கிராணி அண்ணன் சட்டமும் பிழைச்சுது. 'டேம்'மைக் கடைசிப் பாட்டுலேருந்து முன்னுக்கு ஓட்டிப் பாருங்க. 2017 டிசம்பர்ல அதே வரிசையில தனிப் பதிப்பே போட்டாங்க. ரெண்டு பக்கமும் கதை நிக்குது.

ஸ்டோர் கிராணி | 14 ஜனவரி, காலை 10.40

பொங்கல் வாழ்த்தெல்லாம் பிறகு. தி ரூட்ஸை மறந்துவிட்டோம். 'கேம் தியரி' 2006, 'ரைசிங் டவுன்' 2008, 'ஹவ் ஐ காட் ஓவர்' 2010, 'அண்டன்' 2011. சாம்பிள் துண்டை நம்பி நிற்காத குழு, டிரம்மே குவெஸ்ட்லவ் அடிப்பது. 2009 மார்ச்சில் ஜிம்மி ஃபாலனின் இரவு நிகழ்ச்சிக்கு நிரந்தர இசைக்குழுவாகச் சேர்ந்தார்கள். நிலையான வேலை வந்ததும் கலை போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இங்கே தலைகீழ். வானொலிக்கு ஒரு பாட்டு வேண்டும் என்ற நெருக்கடி போனது, ஆல்பம் சுருங்கியது. 'அண்டன்' 38 நிமிடம், ஒரு மனிதனின் வாழ்க்கையை முடிவிலிருந்து பின்னோக்கிச் சொல்கிறது. மாதச் சம்பளத்தை யாரும் இனிமேல் இழிவாகப் பேச வேண்டாம்.

ஆறாங்கட்டை | 14 ஜனவரி, இரவு 8.30

நம்ம மலேசியாவுல? மலாய்ப் பக்கம் டூ ஃபேட் தேறுது: 1999, 2001, 2002, 2005, நாலு ஆல்பம். தமிழ்ல யாரு?

ஆயாக்கொட்டகை | 14 ஜனவரி, இரவு 9.15

தமிழ்ல நாலு வரிசையாத் தேடினா கை வெறுமையாத்தான் வரும். ஒத்தை ஆல்பம்னா 'வல்லவன்' (2006), யோகி பி, நட்சத்ரா. யோகி பி அதுக்கு முன்னாடியே பொயட்டிக் அம்மோவோட 1998-லயும் 2000-லயும் ஆல்பம் போட்டவர், அதுல நாலு மொழி கலந்து வரும். 'வல்லவன்' முழுக்கத் தமிழைத் தூக்கி நிறுத்தினது. 'மடை திறந்து' கேட்காத கல்யாண மண்டபம் இருக்கா?

அடுத்து என்ன ஆச்சு? 2007-லயே 'பொல்லாதவன்' படத்துல பாட்டு, 2017-ல 'விவேகம்'. குறை சொல்லல. படத்துக்குப் பாடினா ஒரு பாட்டுக்கு ஒரு சம்பளம், விளம்பரம் படத்தோட வந்துடும். ஆல்பம்னா பத்து பாட்டு, பதிவுச் செலவு, மிக்ஸிங், மாஸ்டரிங், அட்டை, விளம்பரம் எல்லாம் கையிலேருந்து போடணும். வாங்கற கூட்டமோ சின்னது. தனிப்பாட்டு ஒண்ணு ரெண்டு போட்டுக் கல்யாண மேடை, கல்லூரி மேடைனு ஓட்டறதுதான் கட்டுப்படி. வரிசை வராததுக்குத் திறமை காரணமில்ல, கணக்கு காரணம்.

ஸ்டோர் கிராணி | 14 ஜனவரி, இரவு 9.50

மேசையும் காரணம். ஒரே தயாரிப்பாளர், ஒரே ராப்பர், மூன்று நாலு ஆண்டு சேர்ந்து உட்கார்ந்த ஜோடியைத் தமிழில் விரல் விட்டு எண்ணலாம். ராப்பர் அறிவும் தயாரிப்பாளர் ஆஃப்ரோவும் 2019-ல் 'தெருக்குறள்' போட்டபோது அப்படி ஒரு ஜோடி அமைந்தது போல் தோன்றியது. அது போல இன்னும் மூன்று வந்திருந்தால் நான் கேங் ஸ்டாரை விட்டுக்கொடுத்திருப்பேன்.

பேஸ்பாக்ஸ் | 15 ஜனவரி, இரவு 7.45

லிட்டில் சிம்ஸை யாரும் சொல்லலையே. 2019, 2021, 2022 மூணுக்கும் இன்ஃப்ளோ மேசையில. இன்ஃப்ளோவோட வரிசை மூணுதான், அதனால ஓட்டு போடல.

ஆறாங்கட்டை | 16 ஜனவரி, இரவு 10.10

பேஸ்பாக்ஸ் அண்ணே, உங்க சோதனையை ஆரம்பிக்கலாம்னா காடி ரேடியோவுல யூஎஸ்பி குச்சி வரிசை தப்பாப் போகுது. 'ஸ்டான்கோனியா' 1, 10, 11, 12ன்னு ஓடுது.

பேஸ்பாக்ஸ் | 16 ஜனவரி, இரவு 10.36

கோப்புப் பேருக்கு முன்னாடி 01, 02, 03ன்னு ரெண்டு இலக்கம் போடு. ஆல்பத்துக்கு ஒரு கோப்புறை. அதுக்கும் சரியாகலைன்னா உன் ரேடியோ பேரைப் பார்க்கறதில்ல, குச்சியில எது முதல்ல எழுதப்பட்டதோ அதை முதல்ல ஓட்டுது. குச்சியை ஃபேட்32-ல புதுசா ஃபார்மட் பண்ணிட்டு, பாட்டுகளை ஒண்ணொண்ணா, வரிசைப்படி ஏத்து. மொத்தமா இழுத்துப் போட்டா திரும்பக் குழம்பும்.

ஆறாங்கட்டை | 16 ஜனவரி, இரவு 11.20

24-ஐயும் ஒண்ணொண்ணா ஏத்தினேன். வரிசை சரியா ஓடுது.

கோப்பி ஓ | 16 ஜனவரி, இரவு 11.22

அதுல எட்டு நாடகத் துண்டுன்னு இப்ப எண்ணிப் பார்த்திருப்பே.